கோயம்புத்தூர் தாயியும் பாரிஸ் பியானோவும்

கோயம்புத்தூர் தாயி என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள்? கச்சேரிக்குத் தவறாமல் போகிற நண்பர்கள் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர், "பழைய சினிமா நடிகையா சார்?" என்றார். இன்னொருவர் பெங்களூர் நாகரத்தினம்மாளோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தாயி மறைந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. 1872-ல் பிறந்தவர், 1917-ல் காலமானார். பழனிக்குஞ்சரம் என்பது இயற்பெயர். தேவதாசி மரபில் வந்தவர். கிராமபோன் நம் நாட்டில் கால் வைத்த புதிதில் ஏராளமான தட்டுகளில் பாடியவர்.

நான் அவரிடம் வந்து சேர்ந்தது பாரிஸைச் சுற்றிக்கொண்டுதான். அந்த வழியை இன்று கொஞ்சம் விளக்கமாக எழுத நினைக்கிறேன்.

போன வருஷம் பேரன் வந்திருந்தபோது என் கைபேசியில் பாட்டு கேட்கிற செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். "தாத்தா, என்ன வேணுமோ அதை டைப் பண்ணுங்க, வரும்" என்றான். படித்ததெல்லாம் பிரெஞ்சில் என்பதால் எனக்கு ரவேல், தெபுஸ்ஸி போன்ற பெயர்கள் சிறு வயதிலேயே பழக்கம். ரவேல் என்று தட்டினேன். இந்தச் செயலிகளுக்கு ஒரு குணம் உண்டு. நாம் கேட்டது முடிந்ததும் நிறுத்தாமல், அதற்கு உறவானது என்று தன் கணக்கில் தோன்றும் அடுத்ததை எடுத்துப் போட்டுவிடும். அப்படித்தான் ஒரு பகல் பொழுதில் மொரிஸ் தெலாழ் என்பவரின் பாட்டு ஓட ஆரம்பித்தது. பெண் குரல். பாட்டின் பெயர் 'மதராஸ்'. அடுத்தது 'லாகூர்'. பிறகு 'பெனாரஸ்', 'ஜெய்ப்பூர்'. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இந்த நான்கும் சேர்ந்தது 'காத்ர் பொயேம் ஏந்து'. நான்கு இந்துக் கவிதைகள் என்று பொருள். மதத்தைக் குறித்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தியர் எல்லோரையும் அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஏந்து' என்றுதான் எழுதுவார்கள். தெலாழ் இதை 1912, 1913-ஆம் ஆண்டுகளில் எழுதினார். முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் சொற்கள் பர்த்ருஹரியின் சமஸ்கிருதச் செய்யுள்களிலிருந்து வந்தவை. லாகூர் பாட்டில் வருவது ஜெர்மானியக் கவிஞர் ஹைனெயின் கவிதை. பனிநாட்டில் தனியாக நிற்கும் ஊசியிலை மரம் ஒன்று வெயில் நாட்டுப் பனைமரத்தைக் கனவு காண்கிற கவிதை. அதற்கும் லாகூருக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இசையில் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் பிரெஞ்சு இசைக்கும் நமக்கும் உள்ள பழைய தொடர்பைப் பார்த்துவிடுவோம். பிஸே என்பவர் 1863-ல் 'முத்துக் குளிப்போர்' என்ற ஓபரா எழுதினார். கதை நடப்பது இலங்கையில். தெலீப் 1883-ல் 'லக்மே' எழுதினார். அது பிராமணப் பூசாரி ஒருவரின் மகளைப் பற்றிய கதை. இரண்டும் இனிமையான சங்கீதம்தான். ஆனால் அவற்றில் வருகிற இந்தியா அவர்கள் மனதில் கட்டிய இந்தியா. நம் ஸ்வரம் ஒன்றுகூட அவர்கள் காதில் விழுந்ததாகத் தெரியாது.

அதற்காகப் பாரிஸ் நம் இசையைக் கேட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. 1838-ல் நம் புதுச்சேரியில் ஒப்பந்தம் எழுதி, கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் கோயிலைச் சேர்ந்த தேவதாசிகள் சிலரையும் வாத்தியக்காரர்களையும் கப்பலில் பிரான்சுக்கு அழைத்துப் போனார்கள். பாரிஸில் ஆடினார்கள், பாடினார்கள். ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. அவர்களில் அம்மணி என்ற பெண்ணைப் பற்றி எழுத்தாளர் தெயோஃபில் கோத்தியே பக்கம் பக்கமாக எழுதினார். பார் என்ற சிற்பி அவருக்குச் சிறிய வெண்கலச் சிலை செய்தார். சிலை இருக்கிறது, கட்டுரை இருக்கிறது. அம்மணி ஆடியபோது பின்னால் ஒலித்த பாட்டு மட்டும் காற்றோடு போயிற்று. ஒலியைப் பிடித்துவைக்கும் கருவி அப்போது இல்லை.

அதற்குப் பிறகு அல்பேர் ரூசேல் வந்தார். கடற்படையில் அதிகாரியாக இருந்துவிட்டு இசைக்கு வந்தவர். 1909-ல் கல்யாணமான கையோடு மனைவியுடன் இந்தியாவுக்கு வந்து எல்லோரா, ஜெய்ப்பூர், காசி, சித்தூர்கட் எல்லாம் பார்த்துவிட்டுப் போனார். திரும்பிப் போய் 'எவோகாசியோன்' என்ற பெரிய படைப்பை எழுதினார். சித்தூர் ராணி பத்மினியின் கதையை வைத்து அவர் எழுதிய 'பத்மாவதி' 1923-ல் பாரிஸ் ஓபராவில் மேடையேறியது. இவரும் கண்ணால் பார்த்ததைத்தான் அதிகம் கொண்டுபோனார்.

தெலாழ் கொண்டுபோனது வேறு. அவர் அப்பா ஷூ பாலிஷ் தயாரிக்கும் பணக்கார முதலாளி. பையன் ரவேலின் மாணவர், நெருங்கிய நண்பர். 1911-ஆம் ஆண்டுக் கடைசியில் பெற்றோருடன் இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் பயணம் கிளம்பினார். இங்கே அவரைப் பிடித்து இழுத்தது கிராமபோன் தட்டு. நம் ஊர்ப் பாட்டுத் தட்டுகளை வாங்கித் திரும்பத் திரும்பக் கேட்டார். நீங்கள் கற்பனைகூடச் செய்ய முடியாத ஒரு சங்கீதத்தைக் கேட்கவைக்கிறேன் என்ற பொருளில் நண்பர் ஸ்ட்ராவின்ஸ்கிக்குக் கடிதம்கூட எழுதினார்.

அந்தத் தட்டுகள் எப்படி உண்டாயின? 1902-ஆம் ஆண்டில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் வந்து இறங்கினார். கவுஹர் ஜான் பாடினார். அதிலிருந்துதான் நம் நாட்டு இசைத்தட்டு வியாபாரம் சூடு பிடித்தது. மைக் கிடையாது. மின்சார முறையில் ஒலிப்பதிவு வந்தது 1925-க்குப் பிறகுதான். அதுவரை ஒரு பெரிய தகரக் குழலின் வாயில் முகத்தை வைத்து உரக்கப் பாட வேண்டும். குழலின் மறுமுனையில் ஊசி அதிர்ந்து மெழுகில் கோடு கிழிக்கும். சுமார் மூன்று நிமிஷத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். அந்த மெழுகு கப்பலேறி ஜெர்மனியில் ஹனோவர் நகரத் தொழிற்சாலைக்குப் போகும். தட்டாகித் திரும்பி வரும். 1908-ல்தான் கல்கத்தாவிலேயே தட்டு அடிக்கத் தொடங்கினார்கள். தட்டுக்கு மூலப்பொருளான அரக்கோ நம் நாட்டுச் சரக்கு. நம் அரக்கு அங்கே போய், நம் குரலை ஏற்றிக்கொண்டு, நம்மிடமே விலைக்கு வந்தது.

பெரிய வித்வான்கள் பலர் ஆரம்பத்தில் இந்தக் குழலுக்கு முன்னால் வரத் தயங்கினார்கள். மணிக்கணக்கில் விரித்துப் பாடும் இராகத்தை மூன்று நிமிஷத்தில் எப்படி அடக்குவது என்பது ஒரு கவலை. தெருவில் போகிறவன்கூடக் கேட்பானே என்பது இன்னொன்று. தயங்காமல் வந்தவர்களில் பெண்கள் அதிகம். வடக்கே தவாயிஃப்கள், தெற்கே தேவதாசி மரபுப் பாடகிகள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்றவர்களின் குரல் அப்படித்தான் நமக்குக் கிடைத்தது. பின்னாளில் சமூகம் அவர்களை எப்படி ஓரங்கட்டியது என்பது தனிக் கதை. ஆனால் நம் சங்கீதத்தின் ஒலி வரலாற்றில் முதல் பக்கத்தை எழுதியவர்கள் அவர்கள்.

இப்போது லாகூருக்கு வருவோம். அந்தப் பாட்டு ஒரு செல்லோவில் தொடங்குகிறது. வில்லை ஓரமாக வைத்துவிட்டுத் தந்தியை விரலால் மீட்டி, மீட்டிய விரலை அப்படியே இழுத்து அடுத்த ஸ்வரத்துக்குப் போகிறார் வாசிப்பவர். நம் காதுக்கு அது கமகம் என்று உடனே பிடிபடும். அதற்காகவே தந்தியின் சுருதியைக்கூட மாற்றிக் கட்டச் சொல்கிறார் தெலாழ். உஸ்தாத் இம்தாத் கான் வாசித்த தட்டைக் கேட்டுத்தான் இதை எழுதினார் என்று இசை ஆராய்ச்சியாளர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். இம்தாத் கான் யார் என்றால், சிதார் மேதை விலாயத் கானின் தாத்தா. பாட்டின் முடிவில் அந்தப் பெண் சொல் எதுவும் இல்லாமல், வாயைத் திறந்தும் மூடியும் நீளமாகப் பாடுகிறாள். ஐரோப்பியக் கச்சேரி மேடைக்கு அது புதிது. 1914 ஜனவரி 14-ஆம் தேதி பாரிஸில் இது அரங்கேறியபோது, அதே கச்சேரியில் ரவேலின் புதிய படைப்பும் ஸ்ட்ராவின்ஸ்கியின் புதிய படைப்பும் இருந்தன. அப்படிப்பட்ட சபையில் லாகூர் பாட்டை இன்னொரு முறை பாடச் சொல்லிக் கேட்டார்கள்.

இந்த நான்கு பாட்டுக்கும் ஒலிப்பதிவுகள் பல உண்டு. ஜேனட் பேக்கர் 1960-களில் பாடியதும் டான் அப்ஷா 1991-ல் வெளியிட்டதும் செயலியில் கிடைக்கின்றன. ஒரே பாட்டை இருவர் குரலிலும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கலாம். எங்கள் காலத்தில் இதற்கு இரண்டு எல்.பி. தட்டு வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன் அவை நம் ஊருக்கு வர வேண்டும்.

நான் இதையெல்லாம் கேட்டு முடித்த பிறகு செயலி அடுத்ததாக எடுத்துப் போட்டது 'ராகமாலிகா'. அதுவும் தெலாழ் எழுதியதுதான். ஒரு பியானோ, ஒரு குரல். முதல் வரி பிரெஞ்சு என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். புரியவில்லை. இரண்டாவது தடவை கேட்டேன். மூன்றாவது தடவைதான் தெரிந்தது: அது தமிழ்! ட வரும் இடத்தில் நாக்கை மடிக்கத் தெரியாத ஐரோப்பியக் குரல். ஆனால் பாடுவது தமிழ்தான்.

அதன் பூர்வோத்தரத்தைத் தேடியபோதுதான் தாயியின் பெயர் வெளியே வந்தது. அவர் தட்டில் பாடிய ராகமாலிகையை தெலாழ் கேட்டுக் கேட்டு மேனாட்டு ஸ்வரக் குறிப்பில் எழுதி, அதற்குப் பியானோ சேர்த்திருக்கிறார். பாட்டு எது தெரியுமா? அருட்பா. வடலூர் இராமலிங்க சுவாமிகளின் பாடல்!

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வடலூர் நமக்குத் தொலைவா என்ன? கடலூர் வழியாகப் போனால் அரை நாளில் போய் வந்துவிடலாம். தைப்பூசத்துக்கு ஜோதி தரிசனம் பார்க்கப் போகாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. சத்திய ஞான சபையை வள்ளலார் கட்டிய ஆண்டும் 1872, தாயி பிறந்த ஆண்டும் 1872. வள்ளலார் பாடல்களை அருட்பா என்று அழைக்கலாமா கூடாதா என்று ஆறுமுக நாவலர் தரப்பு எழுப்பிய சண்டை கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரைக்கும் போனது உங்களுக்குத் தெரியும். நாற்பது ஐம்பது வருஷத்துக்குள் அதே பாட்டு ஒரு தேவதாசியின் குரலில் தட்டாகி, ஒரு பிரெஞ்சுக்காரரின் பெட்டியில் கப்பலேறி, பாரிஸில் பியானோவின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அச்சுப் புத்தகம் போக முடியாத இடத்துக்குத் தட்டு போயிருக்கிறது.

இன்னொரு விஷயம். நம் தாள வாத்தியத்தின் ஒலி பியானோவில் வர வேண்டும் என்று தெலாழ் ஆசைப்பட்டார். என்ன செய்தார் தெரியுமா? கீழ் ஸ்தாயியில் குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்தின் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு அட்டையைச் செருகச் சொல்லி எழுதிவைத்தார். அட்டை செருகினால் அந்த ஒரு ஸ்வரம் மட்டும் நீளாமல் 'தொம்' என்று அடங்கும். பியானோவுக்குள் பொருள்களைச் செருகி ஒலியை மாற்றும் உத்திக்குப் பிற்காலத்தில் அமெரிக்கர் ஜான் கேஜ் பெயர் பெற்றார். அதற்கு முன்னோடிகளைப் பட்டியல் போடும் இசை வரலாறுகள் இந்த அட்டைத் துண்டையும் சேர்க்கின்றன. மேனாட்டு நவீன இசையின் ஒரு கிளை வேருக்குப் பக்கத்தில் தாயியின் தட்டு கிடக்கிறது என்பது இதன் பொருள்.

இப்போது என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். செயலியில் ராகமாலிகாவைத் திறந்தால் என்ன போட்டிருக்கிறது? இயற்றியவர்: மொரிஸ் தெலாழ். பாடியவர் பெயர், பியானோ வாசித்தவர் பெயர். அவ்வளவுதான். தாயி இல்லை. இராமலிங்க சுவாமிகள் இல்லை.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கோப்புகளோடு குப்பை கொட்டியவன். கோப்பு அலமாரியில் பத்திரமாக இருக்கலாம். ஆனால் பதிவேட்டில் அதற்குரிய கலத்தில் பெயர் ஏறவில்லை என்றால் அந்தக் கோப்பு இல்லாததற்குச் சமம். கேட்டு வருகிறவரிடம் "அப்படி ஒன்று இல்லை" என்றுதான் சொல்வார்கள். இந்தச் செயலிகளின் பதிவேடு சினிமாப் பாட்டையும் பாப் பாட்டையும் மனதில் வைத்துக் கோடு போட்டது. கலைஞர், ஆல்பம், பாட்டு என்று மூன்று கலம். மேனாட்டுச் சாஸ்திரிய இசை ரசிகர்களுக்கே இது போதவில்லை. இயற்றியவர் யார், எந்தப் படைப்பு, எத்தனையாவது பகுதி, யார் நடத்தியது என்று கலங்கள் வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கென்றே தனிச் செயலிகள் வந்தன. ஜெர்மனியில் இடாஜியோ 2015-ல் வந்தது, ஆப்பிள் 2023-ல் ஒன்று வெளியிட்டது. நம் கர்நாடக இசைக்கு இராகம், தாளம், சாகித்தியகர்த்தா, பக்கவாத்தியம் என்று கலம் வேண்டும். 'யாருடைய தட்டிலிருந்து எடுத்தது' என்று எந்தப் பதிவேட்டிலும் கலம் கிடையாது. அதனால்தான் தாயி காணாமல் போகிறார்.

தெலாழைத் திருடர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் ராகமாலிகை என்ற நம் பெயரையே வைத்தார், தமிழ்ச் சொற்களையே பாடவைத்தார். அந்தக் காலத்தில் நம் சங்கீதத்தைக் காட்டுக்கூச்சல் என்று எழுதிய ஐரோப்பியர் உண்டு. இவர் மூன்று நிமிஷத் தட்டின் முன் மாணவன்போல உட்கார்ந்து ஒவ்வொரு அசைவையும் எழுதியிருக்கிறார். அவருக்கு நம் நன்றி உண்டு. ஆனால் ஆசிரியர் பெயர் இல்லாமல் மாணவர் பெயர் மட்டும் பலகையில் நிற்பது சரியா என்பதுதான் கேள்வி.

இனி நல்ல செய்தி. தாயியின் தட்டுகளில் சில பிழைத்திருக்கின்றன. தட்டு சேகரிப்பவர்கள் பழைய சாமான் கடைகளிலும் ஜமீன் வீட்டுப் பரண்களிலும் தேடி எடுத்து, சுத்தம் செய்து, கணினியில் ஏற்றி, இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம் வெளிவந்த ஆண்டிலிருந்து 60 வருஷம். ஆகவே இந்தத் தட்டுகள் இன்று யாருக்கும் பொதுச் சொத்து. தேடும்போது ஒரு சூட்சுமம் உண்டு. தாயி என்பதை ஆங்கில எழுத்தில் 'எச்' சேர்த்து ஒருவர் எழுதுவார், சேர்க்காமல் இன்னொருவர் எழுதுவார். ஊர்ப் பெயரையும் கோயம்புத்தூர், கோவை என்று மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். எல்லா விதமாகவும் தட்டிப் பாருங்கள்.

கேட்கும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். முதலில் இரைச்சல்தான் கேட்கும், அப்பளம் பொரிகிற மாதிரி. ஒரு நிமிஷத்தில் காது அதை ஒதுக்கிவிடும். பிறகு குரல் வரும். தகரக் குழலுக்காக உயர்த்திப் பாடினாலும் சுருதி அசையாத குரல், வேகமாக உருளும் பிருகாக்கள். அதைக் கேட்டுவிட்டு தெலாழின் ராகமாலிகாவைக் கேளுங்கள். பியானோவில் ஸ்வரங்கள் படிக்கட்டு மாதிரி தனித்தனியாக நிற்கும். தாயியின் குரல் படிக்கட்டே இல்லாமல் இறங்கி வரும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் அந்த மனிதர் அவ்வளவு பாடுபட்டிருக்கிறார் என்பது அப்போது விளங்கும்.

என் வயதுக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய அரக்குத் தட்டுகள் இருக்கலாம். மருமகள் வீட்டைச் சுத்தம் செய்யும்போது "மாமா, இதெல்லாம் பழைய சாமான்காரனுக்குப் போட்டுடலாமா?" என்று கேட்கலாம். போட்டுவிடாதீர்கள். உறை கிழிந்திருந்தால் புது உறை போட்டு, லேபிளில் உள்ள பெயரையும் எண்ணையும் அதன்மேல் எழுதிவையுங்கள். படுக்கவைத்து அடுக்கினால் கீழே உள்ளது விரிசல் விடும், நிறுத்தி அடுக்குங்கள். முறையாகச் சேகரிக்கும் ஒருவரிடம் சேர்த்துவிடுங்கள். எந்தத் தட்டில் எந்தத் தாயி இருக்கிறாள் என்று யாருக்குத் தெரியும்.